களை என்று தீர்ப்பான பூ

உலகநாதன் காலராவில் போய்ச் சேர்ந்து, காரியமெல்லாம் முடிந்த மறுநாள், அவனுடைய அண்ணன் ஜம்புலிங்கம் அரிவாளோடு வந்து கொல்லையிலிருந்த மல்லிகைக் கொடியை அடியோடு வெட்டிப் போட்டான்.

"தாலி அறுத்தவ ஊட்டுல பூங்கொடி இன்னாத்துக்கு? பாக்கறவன் தப்பா பேசுவான்" என்றான்.

உலகநாதனின் பெண்டாட்டி சாமுண்டீஸ்வரி படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளானூரில் எல்லாரும் அவளைச் சாமுண்டி என்பார்கள். முப்பது வயதுகூட ஆகவில்லை, பிள்ளையும் இல்லை. புருஷனின் அண்ணனான மூத்தார் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போவதுதான் வழக்கம். அவள் ஆட்டவில்லை. வெட்டிய கொடியை வாரிக்கொண்டு போய் அவன் வாசலிலேயே போட்டாள்.

"வெட்டனவங்களே எரிச்சிக்குங்க மாமா."

புருஷன் பங்காக அவளுக்கு நின்றது ஒரு கூரை வீடு, பின்னால் ஒரு துண்டுக் கொல்லை, ஏரிக்குக் கீழே கொஞ்சம் நிலம். நிலத்தை ஜம்புலிங்கம்தான் உழுதான். சாப்பாட்டுக்கு நெல் அளந்தான். தான் அளக்கிற நெல்லைத் தின்கிறவள் தன் பேச்சை மீறமாட்டாள் என்று நம்பினான்.

சித்திரையில் முதல் கோடை மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் சாமுண்டி விறகு பொறுக்க ஆவடிப் பக்கத்துச் செம்மண் மேட்டுக்குப் போனாள். அங்கே காரைப் புதர் ஓரத்தில், இலை ஒன்றுகூட இல்லாத வெறும் தரையிலிருந்து ஒரு தண்டு முழங்கால் உயரத்துக்கு எழுந்து நின்றது. தண்டு நெடுகப் பூ. மஞ்சளும் பச்சையும் கலந்த இதழ்கள். நடுவில் நாக்கை நீட்டினாற்போல ஓர் இதழ், அதில் ஊதா நிறத்தில் நரம்பு நரம்பாகக் கோடு. ஆடு மேய்க்கிறவர்களைக் கேட்டாள். "அது கிழங்குப் பூ. காட்டுல தானா வரும், தானா போவும்" என்றார்கள். தரையில் வளரும் ஆர்க்கிட் என்று இன்றைக்குச் சொல்கிறோம். சாமுண்டிக்கு அந்தப் பேரெல்லாம் தெரியாது. கல்லிலும் முள்ளிலும் ஒருவரும் தண்ணீர் ஊற்றாமல் இப்படி நிமிர்ந்து நிற்கிறதே என்பதுதான் அவள் மனதில் தைத்தது.

களைக்கொத்தால் தோண்டினாள். பச்சைக் கிழங்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கோத்துக் கிடந்தன. பாதியை அங்கேயே விட்டு, மீதியை மடியில் கட்டிக்கொண்டு வந்தாள்.

முதல் வருஷம் அத்தனையும் போயிற்று. மல்லிகைக்குச் செய்ததையே இதற்கும் செய்தாள்: சாணி எரு, தினமும் தண்ணீர். கிழங்கெல்லாம் கூழாக அழுகி நாறியது. அடுத்த சித்திரையில் கிழங்கோடு அது நின்ற மண்ணையும் கூடை கூடையாகச் சுமந்து வந்தாள். செம்பாறாங்கல்லை உடைத்து அடியில் பரப்பி, மேலே அந்த மண்ணைக் கொட்டி, கிழங்கை மேலாக வைத்தாள். எரு போடவில்லை. தண்ணீரை மழையின் பொறுப்பில் விட்டாள். ஐப்பசியில் நீளநீளமாக இலை விட்டது. தை பிறந்ததும் இலை காய்ந்து மண்ணோடு மண்ணாயிற்று. செத்துப்போச்சு என்றுதான் நினைத்தாள். சித்திரை மழை விழுந்ததும் தண்டு எழுந்தது.

வருஷத்துக்கு வருஷம் அது பெருகியது. ஜம்புலிங்கத்தின் மனைவி நாகம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று முகத்தைச் சுளித்தாள்.

"இலையில்லாம மொட்டையா பூக்கறது ஊட்டுக்கு ஆவாதுடி சாமுண்டி."

"எனக்கு இனிமே ஆவாம போறதுக்கு இன்னாக்கா கீது?" என்றாள் சாமுண்டி.

ஜம்புலிங்கத்துக்கு அந்தக் கொல்லையில் மாட்டுக் கொட்டாய் போட வேண்டும் என்று வெகுநாள் ஆசை. ஒரு பங்குனியில், சாமுண்டி செம்பரம்பாக்கத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருந்த சமயம், முள்வேலியை இழுத்துப் போட்டுவிட்டு உள்ளே ஏரைப் பூட்டினான். தலைமேல் துணிமூட்டையோடு அவள் திரும்பி வந்தபோது கொல்லையில் பெரும்பகுதி உழுதாகிவிட்டது. உழவுச் சாலில் கிழங்குகள் இரண்டாகவும் மூன்றாகவும் பிளந்து, வெள்ளை வெள்ளையாக வெயிலில் கிடந்தன.

மூட்டையைக் கீழே போட்டுவிட்டுப் போய் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தாள்.

"ஏர அவுருங்க."

"வெறும் மண்ணுடி இது! இன்னாத்த கண்டுட்ட?"

"அவுருங்கன்னேன்."

மாடு தலையை உதறியது. அவள் கையை விடவில்லை. அவன் ஏரை அவிழ்த்தான்.

மறுநாளே பஞ்சாயத்தைக் கூட்டச் சொன்னாள். புருஷன் இல்லாதவள் பஞ்சாயத்தைக் கூப்பிடுவதா என்று வேடிக்கை பார்க்கவே பாதி ஊர் வந்தது. மணியக்காரர் துலுக்கானம் நடுவில் உட்கார்ந்தார்.

ஜம்புலிங்கம் கூச்சமே இல்லாமல் பேசினான். "இன்னா பயிரு அது? கீரையா, கத்திரியா? பூவுன்னா, தாலி அறுத்தவளுக்குப் பூ எதுக்கு? பூ இல்லன்னா அது களை. களைய உழுதது குத்தமா?"

கூட்டம் சிரித்தது. துலுக்கானம் மீசையைத் தடவிக்கொண்டார்.

"கொல்லை உம் புருஷன் பங்கும்மா. நீ கீற வரிக்கும் அதுல யாரும் கொட்டாய் போடக் கூடாது. ஆனா அந்தச் செடி களைதான். அதுக்காக உங்க மாமன் மேல குத்தம் சொல்ல முடியாது."

"களைன்னு தீத்துட்டீங்களா?"

"தீத்தாச்சு."

"பூ இல்ல?"

"இல்லம்மா. களைதான்."

சாமுண்டி கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். "எல்லாரும் கேட்டுக்கினீங்க இல்ல?" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

உடைந்த கிழங்கையெல்லாம் பொறுக்கினாள். வெட்டுப்பட்ட வாயில் அடுப்புச் சாம்பலைத் தடவி நிழலில் காயப்போட்டு, வாய் காய்ந்ததும் நட்டாள். பாதிக்குமேல் அழுகிற்று. மிச்சம் பிழைத்தது. நிலத்தையும் மூத்தாரிடமிருந்து திரும்ப வாங்கி, அம்பத்தூரிலிருந்து வந்த ஒரு குடியானவருக்கு விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு விட்டாள். ஜம்புலிங்கம் அளக்கிற நெல் இனி வேண்டாம்.

மறுவருஷம் இலை மட்டும் வந்தது. அதற்கடுத்த வருஷம் தண்டு விட்டது. ஊர்த் தீமிதி அன்று கொல்லையே பூத்துக் கிடந்தது.

அன்று சாமுண்டி தலைக்குக் குளித்தாள், கொண்டை போட்டாள். ஒரு தண்டை ஒடித்துக் கொண்டையில் செருகிக்கொண்டு பெரிய தெரு வழியாகக் கோயிலுக்கு நடந்தாள்.  எங்கும் நிற்கவில்லை. கோயில் வாசலில் மேளத்தை மிஞ்சிப் பெண்களின் கசமுசப்பு கேட்டது. ஜம்புலிங்கம் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து எதிரில் நின்றான்.

"இன்னாடி கோலம் இது? தலையில இன்னா?"

"களை மாமா."

"பூ வெச்சிகினு வந்து களைன்றியா?"

"நான் சொல்லல. நீங்க சொன்னீங்க. மணியக்காரர் தீத்தாரு. இந்த ஊரே கேட்டுச்சு." அவள் அம்மன் சன்னிதிக்கு எதிரில் நின்ற துலுக்கானத்தின் பக்கம் திரும்பினாள். "தாலி அறுத்தவ பூ வெக்கக் கூடாது, சரி. களை வெக்கக் கூடாதுன்னு எங்கியாவது கீதா? கீதுன்னா சொல்லுங்க, எடுத்துடறேன். அப்போ அது பூவாயிடும். பூவ ஏர் வெச்சி உழுதவருக்கு இன்னா தண்டனைன்னு அதையும் இப்பவே சொல்லிடுங்க."

பெண்கள் பக்கத்தில் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு பரவியது. துலுக்கானம் ஜம்புலிங்கத்தைப் பார்த்தார், அம்மனைப் பார்த்தார்.

"வழிய வுடுப்பா. போம்மா, போயி சாமி கும்புடு."

அதற்காக ஊர் அவளைச் சும்மா விட்டுவிடவில்லை. கல்யாணத்துக்கு அழைப்பது நின்றது. கிணற்றடியில் அவளைக் கண்டதும் பேச்சு அறுந்தது. திமிர் பிடித்தவள் என்ற பேர் கடைசிவரை போகவில்லை. சில ராத்திரிகளில் தனிமை பொறுக்காமல் அவளும் எழுந்து கொல்லையில் போய் உட்காருவாள். ஆனாலும் ஒவ்வொரு சித்திரையிலும் முதல் தண்டு விரிந்த நாள் முதல் கடைசிப் பூ வாடும் வரை அவள் கொண்டை வெறுமையாக இருந்ததில்லை.

சில வருஷம் கழித்து ஒரு மத்தியானம், கொல்லைப் பக்கத்து வேலியோரம் யாரோ கனைத்தார்கள். பக்கத்துத் தெரு தாட்சாயிணி. மாசியில்தான் அவள் புருஷனை ஏரி கொண்டுபோயிருந்தது. முந்தானையை இழுத்துத் தலைக்குப் போட்டிருந்தாள்.

"அக்கா, எனக்கு ஒரு கிழங்கு குடுக்கா. யாருக்கும் தெரியாம எடுத்துகினு போயிடறேன்."

"தர மாட்டேன்" என்றாள் சாமுண்டி. "கொல்ல வழியா வந்தா தர மாட்டேன். தெரு வழியா வா."

தாட்சாயிணி தெருப்பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு வேலியைச் சுற்றிக்கொண்டு போனாள். சாமுண்டி ஒரு கூடையில் செம்மண்ணை அள்ளிப்போட்டு, அதன்மேல் நல்ல கிழங்காகப் பார்த்து எடுத்து வைத்தாள். தெருப்பக்கம் கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. போய்க் கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்தாள்.