வார்னிஷ் அறையில் விழுந்தவர்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: வார்னிஷ் அடிக்கும் சீனர். கதவை ஒட்டி முக்காலி போட்டு உட்கார்ந்து வேலை வாங்கிய மண்டோர். மரம் தேய்த்துக்கொண்டிருந்த நான். எனக்குப் பக்கத்தில் தேய்த்த என் தங்கை வீட்டுக்காரர். நடுவில் பாதி முடிந்த ஒரு பஸ்.

ரப்பர் விலை விழுந்து பெக்கோக் தோட்டத்தில் ஆள் குறைத்தபோது நான் தம்போய் பக்கம் வந்து இந்தப் பட்டறையில் சேர்ந்தேன். சிங்கப்பூரிலிருந்து லாரியும் பஸ்ஸும் இஞ்சினும் சக்கரமுமாக, வெறும் எலும்பாக வரும். நாங்கள் மரத்தில் உடம்பு கட்டி, வார்னிஷ் அடித்து அனுப்புவோம். கொஞ்ச நாளில் தங்கை வீட்டுக்காரரையும் கூப்பிட்டேன். அங்கே அட்டை கடிக்காது, வெயில் இல்லை, கூரைக்குக் கீழே வேலை என்று சொன்னேன். என் பேச்சை நம்பி வந்தார்.

கூரை தகரம். ஈர வார்னிஷில் தூசி ஒட்டினால் அந்தப் பலகையைத் திரும்பத் தேய்க்க வேண்டும். அதனால் ஜன்னல்களை அடைத்து, தரையில் தண்ணீர் தெளித்து, கதவையும் சாத்திவிடுவார்கள். சீனர் ஒரு பக்கம் அடிப்பார். நாங்கள் மறுபக்கம், முந்தின நாள் காய்ந்ததை நுரைக்கல்லைத் தண்ணீரில் தோய்த்துத் தேய்ப்போம். தரையின் ஈரம் ஆவியாகி மேலே வரும். மூச்சு இழுத்தால் வெந்நீர் குடித்த மாதிரி இருக்கும். எனக்குப் பழகிவிட்டது. தங்கை வீட்டுக்காரருக்கு அது இரண்டாவது வாரம்.

"மச்சான், இட்லி வெந்துருச்சு. உங்க தங்கச்சிய சட்னி அரைக்கச் சொல்லுங்க" என்றார்.

"வாய் வேலை செய்யுது, கை செய்யலியே" என்றார் மண்டோர்.

"கதவைக் கொஞ்சம் திறங்கண்ணே. கையும் செய்யும்."

"திறந்தா தூசி வரும்லா. அப்புறம் தவுக்கே வந்து உன் முதுகைத் தேய்க்கச் சொல்வாரு."

எல்லாரும் சிரித்தோம். முதலாளி பெயரைச் சொன்னால் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. கதவு திறக்கவில்லை. நானும் திறக்கச் சொல்லவில்லை.

மதியச் சோற்றுக்குப் பிறகு அவர் பேச்சு நின்றது. தேய்த்த இடத்தையே தேய்த்தார். சட்டை காய்ந்திருந்தது. அதைப் பார்த்தேன், வேர்வை நின்றது நல்லது என்று நினைத்தேன். பிறகு கல் கையிலிருந்து விழுந்தது. அவரும் விழுந்தார். தொட்டால் உடம்பு அடுப்புக்கல். "குளிருது மச்சான்" என்றார். பல் அடித்துக்கொண்டது.

தோட்டத்தில் பிறந்தவனுக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டாம். குளிர்காய்ச்சல். எங்கள் லயத்தில் அது வராத வீடு இல்லை. வந்தவனைச் சாக்குப் போட்டு மூடுவோம். வேர்த்துக் கொட்டினால் காய்ச்சல் இறங்கும். எனக்கும் அப்படித்தான் இறங்கியது. வெளியே தூக்கிக் கிடத்தி, அரிசிச் சாக்குகளை எடுத்து மூடினேன். மண்டோர் காய்ச்சல் மருந்து கொய்னா கொண்டு வந்து வாயில் ஊற்றினார்.

சீனர் தரைக்கு வைத்திருந்த வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "பானாஸ், பானாஸ்" என்று தன் தலையைத் தொட்டுக் காட்டினார். மலாயில் சூடு என்று அர்த்தம். ஊற்றப் போனார். நான் கையைத் தட்டிவிட்டேன். தண்ணீர் மண்ணில் போனது.

தங்கை வீட்டுக்காரர் கண் திறந்து, "தண்ணி குடுங்க மச்சான்" என்றார். கொதிக்கிற உடம்பில் பச்சைத் தண்ணீர் இறங்கினால் ஜன்னி காணும் என்பது எங்கள் நம்பிக்கை. கொடுக்கவில்லை. வேர்க்கட்டும் என்று காத்திருந்தேன். வேர்க்கவில்லை. இன்னும் மூடினேன்.

லாரியில் ஏற்றி ஆசுபத்திரிக்குப் போனபோது மூச்சு இல்லை. அங்கே மருந்து கட்டும் டிரசர் தமிழர். அக்குளில் கை வைத்துப் பார்த்தார்.

"இது காய்ச்சல் இல்லப்பா. வெக்கை அடிச்சிருக்கு. தண்ணிய ஊத்தியிருக்கணும். மூடினீங்களா?"

"சாக்கு போட்டேங்க."

"எத்தனை?"

"ரெண்டு."

அவர் துணியை இழுத்து முகத்தை மூடினார். தங்கையிடம் காய்ச்சல் என்று சொன்னேன். "கொய்னா குடுத்தீங்களாண்ணே?" என்று ஒரு தடவை கேட்டாள். கொடுத்தோம் என்றேன். அது உண்மை. எனக்குச் சோறு போடும்போதெல்லாம், அவரைக் கடைசி வரை பார்த்துக்கொண்டது நான் என்று அக்கம்பக்கத்திலிருந்து வந்து நிற்பவர்களிடம் சொல்லுவாள். குனிந்து சாப்பிடுவேன்.

இப்போது அவள் மகன் பாகங்களைப் பூட்டிக் கார் செய்கிற தொழிற்சாலையில் பெயிண்ட் அடிக்கிறான். போன வாரம் அங்கே ஒருவர் வெக்கையில் விழுந்தாராம். சட்டையைக் கழற்றித் தண்ணீர் ஊற்றினார்களாம். எழுந்து உட்கார்ந்து டீ கேட்டாராம். சிரித்துக்கொண்டே சொன்னான். பிறகு, "அப்பா காய்ச்சல்லதானே போனாரு மாமா?" என்றான்.

"ஆமாப்பா" என்றேன்.

அவன் இதைப் படிப்பான். டிரசரிடம் நான் சொன்னது இரண்டு. போட்டது ஆறு.