எல்லைக்கு இந்தப் பக்கம் அர்ச்சுனன்

ஹேமந்துக்கு என்ன வேலை தெரியுமா? விளையாடுவது. கேட்டால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். பெற்ற தாய் லதாவே சிரித்தாள். "ஆடுறதுக்கு சம்பளமாடா? அப்ப உங்க நைனா ஆடுன சீட்டுக்கு பென்சனே வந்திருக்கணுமே!" என்றாள்.

ஆனால் அது சிரிக்கிற வேலை இல்லை. நாவலூரில் ஒரு கண்ணாடிக் கட்டடம். அங்கே செய்கிற வீடியோ கேமுக்குள் ஒரு வீரன் ஓடுவான். அவன் எங்கே மாட்டிக்கொள்கிறான் என்று கண்டுபிடிப்பதுதான் ஹேமந்தின் வேலை. சுவரில் முட்டவிட வேண்டும், பள்ளத்தில் தள்ள வேண்டும். எந்த மூலையில் அவன் கால் சிக்கி, நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டு நிற்கிறானோ அந்த மூலையை எழுதிக் கொடுக்க வேண்டும். மூன்று வருடமாக இதுதான். அதுவும் வருடா வருடம் கையெழுத்துப் போடுகிற ஒப்பந்த வேலை. இந்த வைகாசியில் நிரந்தரம் என்று வாயால் சொல்லியிருந்தார்கள். கடிதம்தான் வரவேண்டும்.

அவன் ஊர் சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே. அங்கே திரௌபதியம்மன் திருவிழாவில் அர்ச்சுனன் தபசு நடக்கும். நிஜமாகவே அறுபது அடி மரம் ஒன்று நடுவார்கள். அர்ச்சுனனாக ஒருவன் ஒவ்வொரு படியாகப் பாடிக்கொண்டே ஏறி, உச்சியில் நின்று பூவும் எலுமிச்சம்பழமும் வீசுவான். பிள்ளை வரம் கேட்கிற பெண்கள் கீழே மடியை விரித்து நிற்பார்கள். பழைய அர்ச்சுனனுக்கு முழங்கால் போய்விட்டது. "நான் ஏறுறேன்" என்று போன வருடமே ஹேமந்த் சொல்லிவிட்டான். நல்ல குரல் அவனுக்கு.

அந்த மரத்தில் ஏறுகிறவனுக்குக் காப்புக் கட்டுவார்கள். கட்டிய நாளிலிருந்து தீமிதி முடிகிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. என்ன தலை போகிற காரியம் என்றாலும் கூடாது.

அவனும் கணக்காகத்தான் விடுப்பு எழுதிக் கொடுத்தான். ஆனால் காப்புக்கு முதல் நாள் கோயில் தெருவில் சின்னராசு கிழவர் கண்ணை மூடிவிட்டார். சாவு விழுந்தால் திருவிழாவைத் தள்ளிப்போடுவதுதான் வழக்கம். பத்து நாள் தள்ளிப் போய், கேமை வாங்குகிறவர்களிடம் ஒப்படைக்கிற வாரத்திலேயே வந்து உட்கார்ந்தது. ஹேமந்த் அப்போதாவது யோசித்திருக்க வேண்டும். "லேப்டாப்பு கீதே, வூட்லேர்ந்தே பாத்துக்கலாம்" என்று கையை நீட்டிக் காப்பைக் கட்டிக்கொண்டான். அங்கேதான் பிசகினான்.

காப்புக் கட்டியவன் கோயிலில்தான் படுக்க வேண்டும். மண்டபத்தில் உட்கார்ந்து அவன் வேலை பார்க்க, கோயில் தர்மகர்த்தா எல்லப்பன் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பார்.

"இன்னாடா இவன், கையில வில்லு கீது?"

"நம்ப அர்ச்சுனன் மாதிரிதான் மாமா."

அந்த நேரம் பார்த்து வீரன் மலையிலிருந்து விழுந்து செத்தான். செத்தவன் மறுநொடியே எழுந்து நின்றான். எல்லப்பன் வாயில் கை வைத்தார்.

"எழுந்துகினானே!"

"எத்தினி தபா செத்தாலும் எழுந்துப்பான்."

"அப்ப பயம் எப்டிடா வரும் அவனுக்கு? பயமே இல்லாதவன் இன்னா வீரன்?"

ஹேமந்துக்கு ரோஷம் வந்துவிட்டது. மூன்று வருடம் கூடவே ஓடியவன் அல்லவா? "உங்க ஆளுக்கு மட்டும் இன்னாவாம்? தேரு ஓட்டவே சாமி வந்து குந்திகிச்சி. எங்க ஆளு தனியாப் போறான் மாமா. வழி சொல்லக்கூட ஆளு இல்ல."

"அது வாஸ்தவம்" என்று எல்லப்பன் ஒத்துக்கொண்டார். கொஞ்சம் பொறுத்து, "ஆனா ஒண்ணுடா. பசுவ மீட்கறதுக்கு வில்லு எடுக்கப் போயி, தருமனும் பாஞ்சாலியும் இருந்த அறையில பூந்துட்டான் அர்ச்சுனன். பூந்தா வனவாசம்னு அவங்களே போட்ட சட்டம். தருமன் பரவால்லடான்னான். கேட்டானா இவன்? கெளம்பிப் போயிட்டான். அவன யார் கட்டி இழுத்தாங்க, சொல்லு?" என்றார்.

ஹேமந்த் திரையைப் பார்த்தான். அவன் வீரன் சிக்கினால் ஒரு பொத்தானை அழுத்தி வெளியே எடுத்துவிடலாம். பாரதத்தில் யாரைப் பார்த்தாலும் சிக்கினவன்தான். பீஷ்மன் சபதத்தில் சிக்கினான், கர்ணன் வாங்கித் தின்ற சோற்றில் சிக்கினான். அந்தச் சிக்கலை எல்லாம் சரி செய்துவிட்டால் பாரதம் ஏது? இப்படி யோசித்துக்கொண்டே காப்பைத் தடவினான். மஞ்சள் கயிறுதான். விரலால் இழுத்தால் அறுந்துவிடும்.

தபசுக்கு முதல் நாள் அவனுடைய மேலதிகாரி ரோகிணி கூப்பிட்டாள். ஏழாவது கட்டத்தில் ஒரு கல்மண்டபம். அங்கே வீரன் தூணுக்கு நடுவில் சிக்கிக்கொள்வதை ஹேமந்துதான் கண்டுபிடித்திருந்தான். சரி செய்துவிட்டார்களாம். ஆனால் நிஜமாகவே சரியாகிவிட்டதா என்று பார்க்க அவனைப் பழையபடி தூணுக்கு நடுவில் தள்ள வேண்டும்; அந்த வித்தை வேறு யாருக்கும் கைவரவில்லை. லேப்டாப்பில் அது தெரியாது, கேம் ஓட்டுகிற ஆபீஸ் பெட்டியில்தான் தெரியும்.

"நாளைக்கு ஒரு நாள் வந்துட்டுப் போயிடு ஹேமந்த்."

"எல்லைய தாண்டக் கூடாது மேடம்."

"யாரு தாண்டக் கூடாதுன்னது?"

"யாரும் சொல்லல மேடம். நானே தான் கட்டிகினேன்" என்றான்.

கெட்டிக்காரி அவள். மறுநாள் மத்தியானம் பெட்டியையும் சின்ன டிவியையும் காரில் போட்டுக்கொண்டு எல்லைக்கல் வரைக்கும் வந்துவிட்டாள். திருவிழாக் கூட்டத்தில் கார் அதற்கு மேல் போகவில்லை. காரின் பின்கதவைத் திறந்து டிவியை வைத்தாள். கேம் ஆடுகிற, ஒயர் போட்ட பொத்தான் கட்டையை ஹேமந்திடம் நீட்டினாள். வழக்கு எல்லப்பனிடம் போனது. அவர் கல்லைப் பார்த்தார், ஒயரைப் பார்த்தார்.

"ஆளுதான் தாண்டக் கூடாது. ஒயரப் பத்தி முன்னோர் ஒண்ணும் சொல்லல."

கல்லுக்கு இந்தப் பக்கம், காவி வேட்டியும் ருத்திராட்சமுமாக அர்ச்சுனன் மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஆடினான். போகிற வருகிற பெண்கள் விட்டார்களா? "தபசு பண்ண சொன்னா டிவி பாத்துகினு கீறான் பாரு!" என்று ஒருத்தி, "சிவன் வந்தா கொஞ்சம் இருன்னு சொல்லுவான் போல" என்று இன்னொருத்தி.

அந்த மண்டபத்துக்குப் போய்ச் சேரவே முக்கால் மணி நேரம் பிடிக்கும். முதல் தடவை வீரன் வழியிலேயே செத்தான். இரண்டாம் தடவை தூணுக்கு நடுவில் சரியாக விழவில்லை. மூன்றாம் தடவை பாதி வழியில் கோயிலில் மேளம் தட்டிவிட்டார்கள்.

எல்லப்பன் ஓடி வந்தார். "பொழுது சாயறதுக்குள்ள ஏறணும்டா. பொம்பளைங்க காலைலேர்ந்து ஈரத்துணியோட நிக்கிறாங்க."

"அரை மணி நேரம்" என்றாள் ரோகிணி. "நான் முடிவு பண்றவ இல்ல ஹேமந்த். ஆறு மணிக்குள்ள பாத்தாச்சுன்னு எழுதணும். நீ பாக்கலன்னா வேற ஆள உக்கார வைப்பாங்க. நிரந்தரக் கடுதாசியும் அந்த ஆளுக்குத்தான் போகும். எனக்கு வேற வழி தெரியல."

மிரட்டுகிற முகம் இல்லை அவளுக்கு. கண் கலங்கித்தான் இருந்தது.

எல்லப்பன் அவளைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார். குரலை இறக்கினார். "சோத்து வெவகாரம்னா நீ இருந்து பாருடா. மரத்துல யாரும் ஏற வாணாம். பாட்ட கீழயே பாடி முடிச்சிக்கிறோம். அம்மன்கிட்ட நான் சொல்லிக்கிறேன். பரவால்ல."

மனுஷன் மனசாரத்தான் சொன்னார். அந்த 'பரவால்ல'யைக் கேட்ட பிறகு ஹேமந்தால் உட்கார முடியவில்லை. வீரனை ஆற்றங்கரையில் அப்படியே நிற்கவிட்டு, கட்டையைக் கல்லின் மேல் வைத்தான்.

"மன்னிச்சிக்கங்க மேடம்."

அவள் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டு. பாடி முடிக்காமல் அடுத்த படியில் கால் வைக்கக் கூடாது, கீழேயும் இறங்கக் கூடாது. பாதி மரம் ஏறும்போதே காற்று பிடித்து ஆட்டியது. உச்சிக்குப் போனதும் கடல் தெரிந்தது, சதுரங்கப்பட்டினத்துக் கோட்டைச் சுவர் தெரிந்தது, எல்லைக்கல்லும் ரோடும் தெரிந்தன. கார் மெல்லத் திரும்பிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறியது. மூன்று வருட வேலை அதில் போகிறது என்று அவனுக்குத் தெரியும். கத்தினாலும் கேட்காது. இறங்கி ஓடலாம் என்றால் உச்சியில் பாட வேண்டியது இன்னும் பதினோரு பாட்டு பாக்கி. அதையும் முடித்து இறங்கினாலும் தீமிதிக்கு மூன்று நாள் இருக்கிறது.

கீழே நூறு மடி விரிந்திருந்தது. அத்தனை பேரும் அவனையே பார்க்க, தாய் லதா மட்டும் கார் போன ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கார் மறைகிற வரைக்கும் அவனும் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். "இன்னாடா, மறந்து போச்சா?" என்று கீழேயிருந்து எல்லப்பன் கத்தினார். "இல்ல மாமா" என்றான். மரத்தை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து வீசிவிட்டு, அடுத்த பாட்டை ஆரம்பித்தான்.