மோலி மீன்களுக்கு ஒரு டின் கிளிஞ்சல்

இந்த ஊருக்கு வந்த முதல் வாரம் என் உடம்பிலிருந்து சவர்க்காரம் போகவே இல்லை. குன்னூருக்கு மேலே எங்கள் எஸ்டேட் குழாயடியில் எட்டு வாளி ஊற்றியும் கை வழுவழுவென்றுதான் இருந்தது. இலங்கையில் மாத்தளைத் தண்ணீரில் தேய்தேய் என்று தேய்த்தால்தான் கொஞ்சம் சோப்பு நுரை எட்டிப் பார்க்கும். அந்தப் பழக்கத்தில் இங்கும் தேய்த்துவிட்டேன். குடத்தோடு காத்திருந்த பக்கத்து வீட்டு ராசாத்தி பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏனுங்ணா, சிலோன்ல சேர்த்த அழுக்கையெல்லாம் இன்னைக்கே கழுவோணுமாக்கும்? எங்களுக்கும் கொஞ்சம் தண்ணி உடுங்க." வரிசை முழுவதும் சிரித்தது. நான் நுரையோடு வீட்டுக்கு ஓடினேன். இந்தியா திரும்புவோர் பட்டியலில் பெயர் வரக் காத்திருக்கும் மாத்தளைச் சொந்தங்களே, வரும்போது கை கொஞ்சம் அடக்கித் தேயுங்கள்.

வாய் திறந்து பேசாத நான் ஒரே ஒரு முறை பெருமையடித்தேன். இடுப்பு ஒடிந்த நீ மலையேறித் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்ட முடியாது, வேறென்ன வேலை தெரியும் என்று கிளார்க் கேட்டபோது, "மீன் தொட்டி பார்ப்பேன்" என்றேன். பொய்யில்லை. மாத்தளையில் எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரி மருந்தையாவின் தொட்டியை ஏழு வருடம் பார்த்தவன் நான். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் மேனேஜர் பங்களாவில் வேலையும் தலைக்கு மேல் ஒரு கூரையும் கிடைத்தன. வேலை போனால் கூரையும் போகும்.

பங்களா அம்மா கோயம்புத்தூரிலிருந்து ஆறு கறுப்பு மோலி மீன்கள் கொண்டுவந்திருந்தார். நானும் மருந்தையா வீட்டு முறைப்படி தண்ணீரைக் காய்ச்சி, ஆறவைத்து, அடியில் தங்கியதை விட்டு வடித்து, மழைத் தண்ணீரும் கலந்து ஊற்றினேன். மீன்கள் துடுப்புகளை ஒடுக்கிக்கொண்டு, குளிரில் நடுங்குகிறவர்களைப் போல ஒரே இடத்தில் குலுங்கிக்கொண்டிருந்தன. இரண்டு செத்தன. நான் இன்னும் சிரத்தையாகக் காய்ச்சினேன்.

"என்ன முத்தையா பண்ற?" என்றார் அம்மா.

"காய்ச்சித்தாங்கம்மா ஊத்துறேன்."

"அய்யோ, கொதிக்கற தண்ணியையா?"

இல்லை என்று விளக்கக் கூச்சம். தலை குனிந்தேன். அவர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். "இன்னொண்ணு செத்தா வேற ஆளைப் பாத்துக்கறேன்."

அன்று வீட்டில் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தலைக் கழுவிய என் மனைவி, "என்னாங்க, இங்கத்த தண்ணியில ஒன்னுமே இல்ல போல. கேத்தலுக்குள்ள ஒரு பொட்டு வெள்ளை படியல" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. தொட்டித் தண்ணீரைப் போத்தலில் எடுத்து, சவர்க்காரம் சீவிப் போட்டுக் குலுக்கினேன். போத்தல் நிறைய நுரை. மாத்தளைத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், அதைக் குறைக்கவே காய்ச்சினோம். இங்கே இல்லாத சுண்ணாம்பைத்தான் நான் பத்து நாளாக விறகு வைத்து விரட்டிக்கொண்டிருந்தேன். ஏழு வருட அனுபவம்!

மோலிக்கு வேண்டியது அந்தச் சுண்ணாம்புதான்; ஆனால் வெற்றிலைச் சுண்ணாம்பு போட்டால் மீன் வெந்துவிடும். வீட்டிலிருந்தது என் சின்ன மகளின் பிஸ்கட் டின். கப்பலிறங்கி மண்டபம் முகாமில் காத்திருந்த நாட்களில் கடற்கரையில் பொறுக்கிய கிளிஞ்சல்கள் அதில் இருந்தன. கிளிஞ்சலும் மெல்லக் கரையும் சுண்ணாம்புதான். கேட்டதும் டின்னைப் பின்னால் ஒளித்தாள். "மீன் செத்துட்டா இந்த வீடு இல்ல, புள்ள" என்றேன். அவளே நல்லதாகப் பார்த்து மூன்றை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்தாள். உடைத்து, துணியில் முடிந்து தொட்டிக்குள் விட்டேன். நாளுக்கு நாள் போத்தலில் நுரை குறைந்தது. இரண்டு வாரத்தில் நான்கு மோலிகளும் குலுக்கத்தை விட்டு நீந்தின.

அம்மா முடிச்சைக் கவனித்துவிட்டார். "கிளிஞ்சலா? எந்தக் கடல்ல எடுத்தது?"

"மண்டபம்ங்கம்மா."

"சரி, இருக்கட்டும். தொட்டியை நீயே பாத்துக்கோ."

அவர் போன பிறகும் அந்தக் கேள்வி அங்கேயே நின்றது. மகள் குனிந்து பொறுக்கியது இந்தியக் கரையில்தான். ஒவ்வொரு கிளிஞ்சலையும் எடுத்து நிமிரும்போது மட்டும், தண்ணீருக்கு அப்பால், நாங்கள் கப்பலேறி வந்த, கண்ணுக்கு எட்டாத தலைமன்னார்ப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, அப்புறம்தான் டின்னில் போடுவாள்.