ஏரியில் விட்ட மஞ்சள் சக்கர்

முதல் நாள் கேட்ட சட்டம்

கலர் மீன் கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே முதலாளி எனக்கு ஒரு சட்டம் சொன்னார். "மீனைக் கையால சாவடிக்காத. தொழிலுக்கு ஆவாது. வேணாம்னா தண்ணியில உட்டுடு, பொழச்சுக்கும்."

பின்னாளில் புதுவாயலில் சொந்தக் கடை வைத்தபோதும் அதை மீறவில்லை. வெள்ளிக்கிழமை கற்பூரம் காட்டுவதுபோல ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னைப்போல் செய்துவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

ரிசப்ஷன் தொட்டி

கும்மிடிப்பூண்டி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பல கம்பெனிகளின் ரிசப்ஷனில் இருந்தது என் தொட்டிதான். மாதம் இரண்டு முறை போய்த் தண்ணீர் மாற்றி, ஃபில்டரைக் கழுவி வைப்பேன். கண்ணாடியில் பாசி படியாமல் இருக்க எல்லாத் தொட்டியிலும் அதைச் சுரண்டித் தின்கிற சக்கர் மீன் போடுவேன். அடிப்பக்கம் வாய், உடம்பெல்லாம் ஓடு, துடுப்பில் முள். சாதாரண சக்கர் கறுப்பு. கம்பெனி தொட்டி லட்சணமாக இருக்கட்டும் என்று நான் மஞ்சள் சக்கரை வரவழைத்தேன். இந்தப் பக்கத்தில் அதை விற்றவன் நான் ஒருவன்தான். அதில் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

விரல் நீளத்தில் போடுகிற மீன் இரண்டே வருடத்தில் முழ நீளம் ஆகிவிடும். தொட்டியில் திரும்பக்கூட இடம் இருக்காது. ஒரு நாள் அட்மின் மேனேஜர் கூப்பிட்டார். "இன்னாண்ணே இது, முதலைக்குட்டி மாதிரி கீது? நாளைக்கு ஆடிட் வர்றாங்க. எடுத்துக்கினு போயி சின்னதா வேற போடுங்க."

பெயின்ட் வாளியில் போட்டு வண்டியில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். வழியில் ஏரி. மதகுப் பக்கம் இறக்கி விட்டு, ஒரு கும்பிடும் போட்டேன். ஓர் உயிரைக் காப்பாற்றிய நிம்மதியோடு வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு எந்தக் கம்பெனியில் சக்கர் பெருத்தாலும் அதே வாளி, அதே மதகு. அந்த ஏரியில் குத்தகைக்கு மீன் பிடிப்பவர் என் தங்கை கணவர் தேசிங்கு.

கிழிந்த வலை

தேசிங்கு மத்தியான வேளையில் என் கடை வாசலில் உட்கார்ந்துதான் வலை தைப்பார். நிழல் இருக்கும், டீ வரும், பேச்சுத் துணைக்கு நானும் இருப்பேன். எப்போதாவது தைத்தவர் தினமும் தைக்க ஆரம்பித்தார்.

"பாரு மச்சான், எப்பிடிக் கிழிச்சி வெச்சிருக்குதுன்னு. கெண்டையும் இல்ல, விராலும் இல்ல. வலையத் தூக்குனா இந்த முள்ளு சனியன்தான் வருது. துன்னவும் முடியாது, விக்கவும் முடியாது. ஒரே பேஜாரு. இந்த வருசமும் இப்பிடியே போச்சுன்னா ஏரிய உட்டுட்டு நானும் கம்பெனிக்கு காண்ட்ராக்ட் வேலைக்குத்தான் போவணும்."

"வெள்ளத்துல மெட்ராஸ் பக்கத்துலருந்து வந்திருக்கும் மாப்ளே" என்றேன். கடைக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். வெள்ளம் வந்து மறுக்கவா போகிறது? மெட்ராஸ் தண்ணீர் மேடேறி எங்கள் ஏரிக்கு எப்படி வரும் என்று அவரும் கேட்கவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

கூட்டம்

சக்கர் விற்பனையைத் தடுக்கலாமா என்று பேச, மீன்வளத் துறை அதிகாரி ஒருவர் கடைக்காரர்களையும் ஏரியில் மீன் பிடிப்பவர்களையும் ஊராட்சி அலுவலகத்துக்கு வரச் சொன்னார். கடைக்காரர்கள் சார்பில் நான்தான் எழுந்தேன்.

"சார், யாரோ ஒருத்தர் ரெண்டு பேர் ஏரியில உடுறதுக்கு எங்க பொழப்புல ஏன் சார் கை வெக்கிறீங்க? தொட்டியில வளந்த மீனு, ஏரியில ரெண்டு நாள்கூடத் தாங்காது."

தேசிங்கு எழுந்து வந்தார். கொண்டுவந்திருந்த அன்னக்கூடையை மேசைமேல் கவிழ்த்தார். விடியற்காலையில் பிடித்த சக்கர்கள். தண்ணீர் இல்லாமலேயே இன்னும் நெளிந்துகொண்டிருந்தன. பெரும்பாலும் கறுப்பு. நடுவில் நாலைந்து மஞ்சள்.

ஒரு மஞ்சளைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நான் விட்டவை எல்லாம் முழ நீளம். இவை விரல் நீளம். யாரும் கொண்டுவந்து விட்டவை அல்ல, ஏரியிலேயே பிறந்தவை.

வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். மஞ்சளை விற்றது யார் என்று தெரிந்த கடைக்காரர்கள் என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். ஆனால் மேசைமேல் ஊன்றியிருந்த தேசிங்கின் கைகள் கண்ணில் பட்டன. விரல் விரலாக முள் கிழித்த காயம். எனக்கு வெட்கமாக இருந்தது.

"சார், மஞ்சள் மீனு என் கடையோடது. வருசக்கணக்கா நான்தான் உட்டுக்கினு இருந்தேன். விக்கிறதத் தடுத்துடுங்க சார். நான் ஒருத்தன் நிறுத்துனா பத்தாது, பக்கத்துக் கடையில வாங்குவாங்க."

மற்ற கடைக்காரர்கள் என்னை முறைத்தார்கள். தேசிங்கு முறைக்கவில்லை. "உன் கடை வாசல்ல குந்திக்கினுதான மச்சான் வலைய தெச்சேன்?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது

தடை வருமா என்று தெரியாது. என் கடையில் சக்கர் இல்லை. பாசிக்கு வழி கேட்பவர்களுக்கு பிரஷ் கொடுத்து, தேய்த்துக்கொள்ளச் சொல்கிறேன். பெருத்துப்போன மீனை யார் கொண்டுவந்தாலும் வாங்கிக்கொள்வேன். அந்த அதிகாரி சொல்லிக் கொடுத்தபடி கிராம்புத் தைலம் கலந்த தண்ணீரில் போட்டு மயங்கவைத்து, என் கையாலேயே முடிக்கிறேன்.

மீனை விற்பதற்கு முன்னால், இது பெரிதானால் எங்கே போகும் என்று வாங்குபவரிடம் கேளுங்கள். அவரிடம் பதில் இல்லையென்றால் கொடுக்காதீர்கள்.

தேசிங்கு இன்னும் ஏரியை விடவில்லை. பண்டிகைக்கு வீட்டுக்கு வருகிறார், மச்சான் என்றுதான் கூப்பிடுகிறார். வலையை மட்டும் வெயிலில் கரைமேல் உட்கார்ந்து தைக்கிறார்.