மதலேன் அக்காவின் வேண்டுதல்

மதலேன் அக்கா இறந்த செய்தியைப் பாகூருக்குக் கொண்டுவந்தவர் ஒரு மாட்டுவண்டிக்காரர். வில்லியனூர்ச் சந்தையில் வெல்லம் இறக்கிவிட்டுத் திரும்பிய அவர், பள்ளிக்கூட வாசலில் நின்று தலைத்துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, "வில்லியனூரு வாத்தியாரம்மா தவறிட்டாங்களாம். நாளைக்குக் காலையில எடுக்கறாங்களாம்" என்றார். நான் பெண்களுக்கு எழுத்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். என் மனம் அப்போது முதலில் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அது அழவில்லை. துக்க வீட்டில் போய் என்ன சொல்லலாம் என்று வாக்கியம் கட்ட ஆரம்பித்தது. பாக்கியவதி, நல்ல மரணம், ஆண்டவர் சித்தம் என்று ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நின்றன. இத்தனை வருஷம் ஆகியும் இந்தப் புத்தி போகவில்லையே என்று என்னை நானே திட்டிக்கொண்டு, பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வண்டி ஏறினேன்.

அக்காவிடம் படித்தவர்களும் அவரோடு வேலை பார்த்தவர்களும் இதை வாசிப்பீர்கள். உங்களில் பலருக்கு என்னையும் தெரியும். வில்லியனூர்ப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் எனக்கு 'மிளகாய் வாத்தியாரம்மா' என்று பெயர். பெயர் வைத்தவர்கள் யார் என்பதும் எனக்குத் தெரியும். அந்தக் கோபம் எப்போதோ போய்விட்டது. அங்கே நாங்கள் மூன்று பேர். மதலேன் அக்கா புதுச்சேரியில் கன்னியாஸ்திரீகளிடம் படித்துப் பிரெஞ்சு பேசக் கற்றவர். தையல் சொல்லிக்கொடுத்த அந்தோணியம்மாள் சாது. தமிழ் சொல்லிக்கொடுத்த ரோசாலி ஆகிய நான், அந்தோணியம்மாளுக்கும் சேர்த்துப் பேசுகிறவள்.

வேதப் புத்தகத்தில் வாழ்க்கைக்குப் புத்தி சொல்லும் பகுதிகளான ஞான ஆகமங்களை நாங்கள் படிக்கத் தொடங்கியதற்குக் காரணமே என் வாய்தான். ஒருநாள் பிந்தி வந்த ஒரு பெண்ணை, அவள் குடும்பத்தையும் இழுத்து, எல்லார் எதிரிலும் பேசிவிட்டேன். பெண் அழுதுகொண்டே போனாள். சாயங்காலம் அக்கா என்னைக் கண்டிக்கவில்லை. "ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சி சும்மாத்தான இருக்கோம், மூணு பேரும் உக்காந்து ஏதாவது வாசிக்கலாம்" என்றார். அவரிடம் கன்னியாஸ்திரீ ஒருவர் கொடுத்த பிரெஞ்சு வேதப் புத்தகம் இருந்தது. அவர் பார்த்துத் தமிழில் சொல்ல, நாங்கள் கேட்பதென்று ஏற்பாடு. என் பிரெஞ்சு வருகைப் பதிவு கூப்பிடுவதோடு சரி. பங்குச் சாமியாரிடம் உத்தரவு கேட்டபோது, மூன்று பெண்கள் கூடி வம்பு பேசுவதைவிட இது மேல் என்று சொல்லிச் சிரித்தாராம். ஞாயிறு ஒன்றுக்கு ஓர் அதிகாரம், அதற்கு மேல் இல்லை என்று அக்கா கண்டிப்பாக வைத்தார். கேட்டதை அந்த வாரம் முழுவதும் மனத்தில் போட்டு, அடுத்த ஞாயிறு அதில் எதைக் கடைப்பிடித்தோம் என்று சொல்ல வேண்டும்.

முதலில் நீதிமொழிகள். நாக்கைப் பற்றியும் கோபத்தைப் பற்றியும் சோம்பலைப் பற்றியும் அதில் இல்லாதது இல்லை. எனக்கோ ஒரே கொண்டாட்டம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஊரில் ஓர் ஆள் அகப்பட்டார். இது மணியடிக்கிற கோயில்பிள்ளைக்கு, இது எதிர்வீட்டுக்காரிக்கு, இது என் நாத்தனாருக்கென்றே எழுதியது என்று சொல்லிக்கொண்டே போவேன். சில மாதம் பொறுத்துப் பார்த்த அக்கா ஒரு ஞாயிறு, "ரோசாலி, இந்தக் கண்ணாடியில ஊரையே பாத்துட்ட. உன் மூஞ்சி மட்டும் உனக்குத் தெரியலையாடி?" என்றார். அந்தோணியம்மாள் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். நானும் சிரித்தேன். என் மூஞ்சி எனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா தன்னைப் பற்றிச் சொல்லும்போது ஒரு வாரம்கூட ஜெயித்ததாகச் சொன்னதில்லை. இந்த வாரமும் பொறாமைப்பட்டேன், இந்த வாரமும் ஒரு பொய் சொன்னேன் என்றே சொல்வார். நான் எல்லா வாரமும் தேறியிருப்பேன். நல்ல பெண்மணி, மனதுதான் கொஞ்சம் பலவீனம் என்று அவரைப் பற்றி நான் அந்தோணியம்மாளிடம் சொன்னதும் உண்டு.

பிறகு யோபுவின் கதைக்கு வந்தோம். நீதிமான் ஒருவன் மாடு, ஆடு, பிள்ளைகள் எல்லாவற்றையும் இழந்து சாம்பலில் உட்காருகிறான். அவனுடைய சிநேகிதர் மூன்று பேர் பார்க்க வந்து, பேச்சில்லாமல் நாள்கணக்கில் பக்கத்தில் உட்காருகிறார்கள். அப்புறம் பேச ஆரம்பிக்கிறார்கள். காரணம் இல்லாமல் துன்பம் வராது, உன்னைச் சோதித்துப் பார், குற்றத்தை ஒப்புக்கொள், கடவுள் எடுத்துவிடுவார் என்று மாறி மாறிச் சொல்கிறார்கள். பேச்சென்றால் அது பேச்சு. எனக்கு அது தேனாக இருந்தது. சிலவற்றை அக்காவிடம் திரும்பச் சொல்லச்சொல்லி மனப்பாடம் செய்தேன். யோபு எதிர்த்துப் பேசியபோது, பாவம், வேதனையில் பிதற்றுகிறான் என்று விட்டுவிட்டேன். கதையின் முடிவு எங்களுக்குத் தெரியாது. வாரத்துக்கு ஓர் அதிகாரம் என்றால், அந்த மூன்று பேரும் பேசி முடிக்கவே எத்தனையோ மாதம் ஆகும்.

அந்த மாதங்களின் நடுவில், ஐப்பசி மழையில், அக்காவின் மகன் அருளப்பனுக்கு விஷ ஜுரம் கண்டது. ஒரே பிள்ளை. தகப்பன் சைகோனுக்கு வேலைக்குப் போய் அங்கேயே இறந்துபோனவர். வில்லியனூரிலிருந்து தினமும் ரயிலேறிப் புதுச்சேரிக்குப் போய்ப் படித்துக்கொண்டிருந்த பையன். ஆஸ்பத்திரி மருந்தும் பார்த்தார்கள், மாதா கோயில் குளத்துத் தண்ணீரும் கொடுத்தார்கள். ஜுரம் இறங்கவில்லை. பக்கத்து வீட்டுப் பச்சையம்மா, கரும்பு பயிரிடுகிற குடும்பத்துக்காரி, அம்மன் கோயிலில் வேண்டிக்கொண்டு ஒரு மஞ்சள் கயிறு கொண்டுவந்து பையன் கையில் கட்டினாள். அக்கா தடுக்கவில்லை. பெற்றவள் எப்படித் தடுப்பாள்?

பையன் போய்விட்டான். உடம்பைத் துடைத்துச் சட்டை மாட்ட நானும் அந்தோணியம்மாளும் நின்றோம். கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியக் கயிறு, மணிக்கட்டில் அந்த மஞ்சள் கயிறு. சாமியார் தீர்த்தம் தெளிக்க வருகிற நேரம். நான் தையல் கத்தரியை எடுத்துக் கயிற்றை அறுத்தேன். அறுத்ததோடு விட்டேனா? பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தாயிடம் குனிந்து, நல்ல எண்ணத்தோடுதான், "அக்கா, காரணம் இல்லாம ஆண்டவர் அடிக்க மாட்டாரு. இந்தக் கயித்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கோ. மனசு ஆறிடும்" என்று சொன்னேன்.

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். "சரி, கேட்டுக்கிறேன்" என்றார். வாசல்படியோரம் உட்கார்ந்திருந்த பச்சையம்மாவின் காதிலும் அது விழுந்தது. அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நான் ஏதோ ஒரு ஆத்துமத்தைக் கரையேற்றிவிட்ட திருப்தியோடு மற்ற வேலைகளைப் பார்க்கப் போனேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்த ஞாயிறு, அக்கா வகுப்பறைக்கு வந்து விட்ட இடத்தில் புத்தகத்தைத் திறந்தார். நாங்கள் எதிர்பார்க்கவில்லை. மறுபடியும் வாரத்துக்கு ஓர் அதிகாரம். அந்த மூன்று பேரின் பேச்சையும் ஒரு சொல் விடாமல் எனக்குத் தமிழாக்கிச் சொன்னார். அப்போது அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் சொன்ன புத்திமதியில்தான் அக்கா தேறினார் என்று ஊரில் இரண்டு வீட்டில் சொல்லிக்கூட வைத்தேன்.

கடைசி அதிகாரம் வெயில் காலத்தில் வந்தது. அக்கா மெதுவாகச் சொன்னார். கடவுள் அந்தச் சிநேகிதர்கள்மேல் கோபம் கொண்டாராம். நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை, என் ஊழியன் பேசியதே சரி என்றாராம். அவனிடமே போங்கள், அவன் உங்களுக்காக வேண்டிக்கொள்வான் என்றாராம். அந்தோணியம்மாள் என் பக்கம் திரும்பாமல் தரையைப் பார்த்தாள். நான் தேனென்று மனப்பாடம் செய்தது அத்தனையும் கடவுள் கண்டித்த பேச்சு. அதைத்தான் செத்த பிள்ளையின் பக்கத்தில் நின்று சொல்லியிருக்கிறேன்.

"உனக்கு இந்த முடிவு முன்னாடியே தெரியுமா அக்கா?" என்று கேட்டேன்.

"பள்ளிக்கூடத்துல படிக்கறப்பவே தெரியும்."

"அப்ப அன்னிக்கே ஏன் சொல்லல?"

"அன்னிக்கு நான் பாடம் நடத்துற நெலமையிலயா இருந்தேன்?" என்றார். பிறகு சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "அந்த ஆளு கூட்டாளிங்களுக்காக வேண்டிக்கிட்டான். அவனுக்குப் போனதெல்லாம் திரும்பி வந்துச்சாம், வேற புள்ளைங்களும் பொறந்தாங்களாம். எம்புள்ள வர மாட்டான் ரோசாலி. ஒண்ணும் வராதுன்னு தெரிஞ்சே நான் உனக்காக வேண்டிக்கணும். வேண்டிக்கிறேன். கொஞ்சம் பொறுத்துக்கோ."

காலில் விழுந்திருக்க வேண்டும். நான் எழுந்துபோய்க் கரும்பலகையைத் துடைத்தேன். அதில் எழுத்து ஒன்றும் இல்லை.

மறுநாள் பச்சையம்மா வீட்டுக்குப் போனேன். அவள் கரும்புத் தோகையைக் கட்டிக்கொண்டிருந்தாள். கயிற்றை அறுத்தது தப்பு என்று நான் தட்டுத்தடுமாறிச் சொன்னதும், "இன்னா வாத்தியாரம்மா, கயிறு போனா போவுது. புள்ள போயிட்டானே" என்று சொல்லி அழ ஆரம்பித்தாள். நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அருளப்பனுக்காக நான் அழுதது அதுதான் முதல் தடவை.

அதற்கு அப்புறமும் பல வருஷம் அக்காவும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் இருந்தோம். ஞாயிறு வாசிப்பு நிற்கவில்லை. அவர் கையால் காப்பி குடித்திருக்கிறேன், என் மகள் கல்யாணத்துக்கு முன்னால் நின்று எல்லாம் செய்தார். என் வாய் ஒரேயடியாக அடங்கிவிட்டது என்று சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள். துக்க வீட்டில் மட்டும் பேசாமல் உட்காரப் பழகினேன். அதுவும் சுலபமாக வரவில்லை. ஒருமுறை அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் வாயெடுத்தபோது தொடையில் கிள்ளினார். எங்களுக்குள் எல்லாம் சரியாகிவிட்டது, பழையது மறந்துபோயிற்று என்றே நம்பிக்கொண்டிருந்தேன். பின்னர் என்னைப் பாகூருக்கு மாற்றினார்கள்.

போன மாதம் மாதா கோயில் தேருக்கு வில்லியனூர் போனபோது அவரைப் பார்த்தேன். இழுப்பு முற்றி, தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தார். என்னைக் கிட்டே கூப்பிட்டார். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கியது.

"நேத்து விடியக்காலம் உன் பேரச் சொல்லி வேண்டிக்கிட்டேன்டி. முழு மனசா வந்துச்சு."

எனக்குப் புரியவில்லை. இத்தனை வருஷமும் வேண்டிக்கொண்டுதானே இருந்தாய் என்று கேட்டேன்.

"வாய் தெனம் சொல்லிச்சு. மனசு வரல. அந்த மனச வச்சிக்கிட்டே உங்கூட உக்காந்து சிரிச்சிருக்கேன், காப்பி குடுத்திருக்கேன். அதுக்கு நீ என்ன மன்னிச்சிடு."

நான் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியவள். ஒருநாள்கூட வாய் திறந்து கேட்டதில்லை. எல்லாவற்றுக்கும் வாக்கியம் வைத்திருந்த எனக்கு அப்போது ஒன்றும் வரவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் தூங்கும்வரை உட்கார்ந்திருந்தேன். அதற்கப்புறம் நான் அவரை உயிரோடு பார்க்கவில்லை.

அடக்கத்தன்று என்னை நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். நான் தலையை ஆட்டி மறுத்தேன். பலருக்கு ஆச்சரியம், சிலருக்கு வருத்தம் என்று பிறகு கேள்விப்பட்டேன். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஞான ஆகமங்களைப் படித்து நான் ஞானி ஆகவில்லை. மதலேன் அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது, மனம் வராத நாளிலும் அவர் வாயால் சொல்லிவந்த அந்த விடியற்காலைச் செபம். இப்போது நானும் விடியுமுன் எழுந்து முழங்காலில் நிற்கிறேன். அவர் சொன்ன அதே பெயரை, ரோசாலி என்ற பெயரைத்தான் சொல்கிறேன். வாய் தினம் சொல்கிறது. மனம் இன்னும் வரவில்லை.