பதினொரு மணிக் கூடை

மறைமலைநகரில் ஒரு தொழிற்சாலையின் எடைமேடையில் எனக்கு வேலை. கழிவு இரும்பு ஏற்றிய லாரிகளை நிறுத்தி, கணினியில் எடை பார்த்து, சீட்டு அடித்துக் கொடுப்பேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்று மனப்பாடம் செய்தே இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன்.

அதே கணினியில் இன்னொரு வேலையும் திருட்டுத்தனமாகச் செய்துவந்தேன். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டிலுள்ள கணினியை இங்கிருந்தே திறந்து, அதில் ஓடும் மீன்பிடி விளையாட்டில் என் படகைக் கவனிப்பது. மீனவக் குப்பத்தில் பிறந்தும் படகில் ஏறினால் வாந்தி எடுப்பவன் நான். அதைக் கேலி செய்துதான் என் மகள் அந்தப் படகை எனக்கு உண்டாக்கிக் கொடுத்தாள். "இதுல ஏறு நைனா, வாந்தி வராது" என்றாள். செல்போனைத் தொழிற்சாலை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்பதால், இந்த வழியையும் அவள்தான் சொல்லிக்கொடுத்தாள்.

பிறகு அவள் ஒருவனை விரும்புவதாகச் சொன்னாள். மாமன்மார் கூடி வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு பேர் நடுவில் எனக்கு எப்போதுமே பேச்சு வராது. தரையைப் பார்த்தேன். மறுநாள் அவள் வீட்டில் இல்லை. செல்போன் எண்ணையும் மாற்றிவிட்டாள்.

ஒரு மாதம் கழித்து, விளையாட்டில் அவளுடைய சிவப்புப் படகிலிருந்து என் படகுக்கு ஒரு கூடை இரை வந்தது. மறுநாளும் வந்தது. அப்புறம் தினமும் காலை பதினொரு மணிக்கு. ஒரு மணி நேரத்துக்குள் எடுக்காவிட்டால் மறைந்துவிடும். எடுத்தால் அவளுக்குத் தெரியும். அவ்வளவுதான், ஒரு வார்த்தை கிடையாது. எழுத அங்கே இடம் இருந்தது. எனக்கு அடிக்கத் தெரியாது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் என் மனைவி ஒன்றைத்தான் கேட்பாள்: "கூட வந்துச்சா?"

இரண்டு வருடம் இப்படிப் போனது.

போன மாதம் ஒருநாள், கூடையை எடுக்கத் திறந்தபோது விளையாட்டில் ஆங்கிலத்தில் ஏதோ ஒரு கேள்வி வந்து நின்றது. பழைய படகா, புதுப் படகா என்று கேட்கிறது என அரைகுறையாகப் புரிந்தது. அதற்குள் ஒரு லாரி மேடையேறி ஹாரன் அடித்தது. எடை போட்டுச் சீட்டைக் கொடுத்துவிட்டு, அவசரமாகக் கேள்விக்கே திரும்பினேன்.

லாரி மேடையை விட்டு இறங்கியதும் எடையைப் பூஜ்யமாக்க வேண்டும். 'சரிதானா' என்று கணினி கேட்கும், மறுபடி ஒரு தட்டு. ஒரு நாளைக்கு நூறு தடவை செய்கிற வேலை. லாரி இறங்கும் சத்தம் கேட்டதும் கை தானாகத் தட்டியது. இரண்டு தடவை. எதிரே இருந்தது எடைமேடைத் திரை இல்லை, விளையாட்டின் கேள்வி.

அடுத்த லாரி டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டினார். "இன்னா அண்ணாத்த, காலி மேடையே அம்பது கிலோ காட்டுது? நான் ஏறவே இல்ல, அதுக்குள்ள எனக்கு வெயிட்டு போடுறியே!"

பழைய படகு அழிந்து, என் முன்னால் ஒரு புதுப் படகு, வண்ணம்கூடப் பூசாமல் நின்றது. அவள் படகு ஒன்றே இருந்த கூட்டாளிகள் பட்டியலும் காலி.

அவள் படகின் பெயரில் ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்திருக்கும். அதை நான் ஒருநாளும் குறித்து வைக்கவில்லை. சிவப்பைப் பார்த்தே அடையாளம் கண்டுவந்தேன். அந்த விளையாட்டில் சிவப்புப் படகுகளுக்குக் கணக்கே இல்லை. தினமும் தேடுகிறேன். அவளுடைய பட்டியலிலிருந்தும் என் படகு போயிருக்கும். அப்பனே உறவை வெட்டிவிட்டான் என்றுதான் நினைத்திருப்பாள். அன்றைக்கு நான் தரையைப் பார்த்ததை நேரில் கண்டவள், வேறென்ன நினைப்பாள்?

படகு போன அன்று சாயங்காலம் மனைவி அடுப்படியிலிருந்தே கேட்டாள்.

"கூட வந்துச்சா?"

"வந்துச்சி" என்றேன். இன்றுவரை அப்படியே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.