வெள்ளைத் துவாயில் கண்ட பேன்

எங்கள் நயினாதீவில் உயர்தரம் படிக்கும் கவிதா, பின்னேரங்களில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துத் தன் படிப்புச் செலவைப் பார்க்கிறாள். என் மகள் மதுவும் அங்கே போகிறாள்.

ஒருநாள் மதுவுக்குத் தலை வாரினேன். சீப்பு நிறையப் பேன். அருவருப்போடு சீப்பை எறிந்தேன். நேரே கவிதா வீட்டுக்குப் போய், பிள்ளைகளுக்கு முன்னாலேயே கத்தினேன்.

"பாடத்தோட பேனையும் குடுத்து விடுறீரோ? தலை முழுகிறேல்லையோ?"

"என்ர தலையை ஒருக்காப் பாருங்கோ அக்கா," என்று அவள் பின்னலை அவிழ்த்தாள். நான் பார்க்கவில்லை. கோயிலில் கண்ட தாய்மாரிடமும் சொல்லிவிட்டேன். மறுநாள் அவளிடம் ஒரு பிள்ளையும் போகவில்லை.

வெள்ளிக்கிழமை அம்மனிடம் போவதற்காக முழுகி, தலை துவட்டினேன். வெள்ளைத் துவாயில் மூன்று பேன் ஊர்ந்தன.

"திருவிழாவுக்கு வந்த பெரியம்மா தலையைச் சொறிஞ்சுகொண்டே இருந்தவ. நீங்கள் அவவோட ஒரே தலையணியில படுத்தனீங்கள் எல்லோ? உங்களிட்ட இருந்துதான் எனக்கும் வந்திருக்கும்," என்றாள் மது.

பேனைவிட என் வாய்தான் எனக்கு அருவருப்பாக இருந்தது. கோயிலில் அதே தாய்மாரிடம் உண்மையைச் சொல்லி, அவர்களையும் கூட்டிக்கொண்டு கவிதாவிடம் போனேன்.

"பேன் என்ர தலையிலதான் பிள்ளை. மன்னிச்சுக்கொள்ளும்."

அவள் சிரிக்கவில்லை. பின்னலை அவிழ்த்து என் முன்னால் குந்தினாள். "இப்பவாவது பாருங்கோ அக்கா."

எல்லோருக்கும் முன்னால் வகிடு வகிடாகப் பார்த்தேன். ஒரு ஈர்கூட இல்லை.

இப்போது பிறர் பிள்ளையைக் குறை சொல்ல வாயெடுத்தால், முதலில் அந்தத் துவாயை மடியில் விரித்து என் தலையை வாரிப் பார்க்கிறேன்.